கல்யாண இசை: தொழில்முறைக் கலைஞரா, நண்பரா?

கல்யாண வீட்டில் மேளத்துக்கும் கச்சேரிக்கும் ஆள் பார்க்கும்போது இந்தப் பேச்சு கட்டாயம் எழும்: “நம்ம பையன் நல்லாப் பாடுவானே, அவனையே பாடச் சொல்லிடலாமே?” உடனே வீடு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் செலவைப் பார்க்கும், இன்னொரு பக்கம் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்கும். மொத்தக் கல்யாணத்தையும் ஒரே கையில் கொடுக்க நினைப்பதால் வரும் இழுபறி இது. தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பும் நிச்சயதார்த்தமும் இருக்கும், மறுநாள் விடியலில் முகூர்த்தம், அதையொட்டி ஊஞ்சல், நலங்கு, பிறகு வரவேற்பு. இவை ஒவ்வொன்றும் இசையிடம் கேட்பது வேறு வேறு.

எனவே ஒரு தாளில் நிகழ்ச்சி நிரலை நேரத்தோடு எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கு நேராகவும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே இசை தடுமாறினால் சடங்கு நின்று காத்திருக்குமா? காத்திருக்காது என்றால் அனுபவமுள்ள தொழில்முறைக் கலைஞர்தான். காத்திருக்கும் என்றால் நண்பரோ உறவினரோ தாராளமாகப் பாடலாம். சில இடங்களில் அவர்கள்தான் பாடவேண்டும்.

முகூர்த்தம்

முகூர்த்த மேளத்தில் சோதனை வேண்டாம். நண்பர் நாகஸ்வரம் கற்றவராகவே இருந்தாலும், கல்யாண மேளத்தில் உட்கார்ந்து பழகாதவர் என்றால் அவரைத் தலைமையில் வைக்காதீர்கள். அங்கே வாசிப்புத் திறமையைவிடச் சடங்கோடு கூடப் போகும் பழக்கம்தான் முக்கியம். மாலை மாற்றலா, கன்னிகாதானமா, பெண் கூறைப்புடவை உடுத்தி வரும் இடைவெளியா என்று பார்த்து, கீர்த்தனையை நீட்டவும் சுருக்கவும் பாதியில் விடவும் தெரிந்திருக்க வேண்டும். புரோகிதர் விரலை உயர்த்திக் காட்டியதும், வாசித்துக்கொண்டிருந்ததை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கெட்டிமேளம் எழவேண்டும். தாலி ஏறும் நொடியில் தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகத்தான் தவில் அத்தனை ஓங்கி ஒலிக்கிறது. இரண்டு விநாடி பிந்தினால் முதல் முடிச்சு விழுந்திருக்கும்.

பதிவு செய்த கெட்டிமேளத்தை நண்பர் ஃபோனில் போடட்டும் என்பது சின்னக் கல்யாணங்களில் அடிக்கடி வரும் யோசனை. அதில் கெடுவது இவை: கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் தானே அணைந்துபோகிறது, சரியாக அந்த நேரத்தில் ஃபோனுக்கு அழைப்பு வருகிறது, ஃபோனை வைத்திருப்பவர் அட்சதை போட மணவறைப் பக்கம் நகர்ந்துவிடுகிறார். கோயிலில் எளிமையாகத் தாலி கட்டுவதானால் ஒரு நாகஸ்வரம், ஒரு தவில் மட்டும் பேசுங்கள். அதுவே நிறைவாக இருக்கும். கோயிலுக்கென்று மேளக்காரர்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். வெளி மேளத்தை அனுமதிப்பார்களா என்பதையும் அப்போதே அலுவலகத்தில் தெரிந்துகொள்ளலாம்.

வழக்கமான ஒரு செட் என்பது இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. இருநூறு பேர் அமரும், கூரை தாழ்ந்த ஏசி மண்டபத்துக்கு ஒரு நாகஸ்வரமும் ஒரு தவிலும் போதும். அங்கே மைக் வைக்கவே வைக்காதீர்கள். நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே வளர்ந்த வாத்தியம், மூடிய அறையில் மைக்கும் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாமல் விருந்தினர் வெளியே போய்விடுவார்கள். ஆயிரம் பேர் மண்டபமானால் நாகஸ்வரத்துக்கு மட்டும் இரண்டு மூன்று அடி தள்ளி ஒரு மைக் வையுங்கள். தவிலுக்கு அது தேவைப்படாது.

கெட்டிமேளம் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் மேளக்காரர் அல்ல, மணவறையைச் சுற்றி நிற்கும் கேமராக்காரர்கள். புரோகிதரின் கை தெரியாவிட்டால் யாராலும் சரியாக எழுப்ப முடியாது. மேளத்துக்கான மேடையை மணவறைக்குப் பக்கவாட்டில், புரோகிதர் முகம் தெரியும் கோணத்தில் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை இடையில் நிறுத்தி, சைகையைக் கடத்தும் பொறுப்பைக் கொடுங்கள். மேடைக்கு அருகே சுருதிப்பெட்டிக்கு ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை நனைத்துப் பதப்படுத்தவும் தவிலை இழுத்துச் சேர்க்கவும் அவர்களுக்குக் குறைந்தது இருபது நிமிடம் தேவை. ஆகவே முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் ஐந்துக்கே மண்டபத்தில் இருக்கும்படி பேசுங்கள், அவர்களுக்குக் காபியும் அப்போதே போகட்டும்.

நாகஸ்வரத்தோடு சேர்ந்து நண்பர் ஒரு பாட்டுப் பாடட்டும் என்ற ஆசை சிலருக்கு உண்டு. அது நடக்காது. கல்யாணங்களில் வாசிக்கும் நீளமான பாரி நாகஸ்வரத்தின் சுருதி 2 அல்லது 2½ கட்டையை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) ஒட்டி நிற்கும். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற, நாகஸ்வரம் செய்யும் ஊரான நரசிங்கம்பேட்டையின் வாத்தியமானாலும், மரத்தைக் கடைந்த அன்றே அதன் சுருதி முடிவாகிவிட்டது. சீவாளியை மாற்றி அணுவளவு நகர்த்தலாம், அவ்வளவுதான். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணோ, ஒரு கட்டையில் பாடும் ஆணோ அதனோடு ஒட்ட முடியாமல் திணறுவார்கள். நண்பரின் பாட்டைத் தனியாக, மேளம் ஓய்ந்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

ஊஞ்சல், நலங்கு

இங்கே நிலைமை தலைகீழ். ஊஞ்சல் பாட்டு, லாலி, நலங்குப் பாட்டு எல்லாம் வீட்டுப் பெண்களின் குரலுக்கென்றே உண்டானவை. சம்பந்தியைக் கிண்டல் செய்யும் வரிகளைக் காசு வாங்கிப் பாட வந்தவர் பாடினால் அதில் உரிமை இருக்காது. அத்தை பாடவேண்டும், பெண்ணின் தோழி பாடவேண்டும். சுருதி கொஞ்சம் விலகினாலும் யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். இந்த வழக்கம் பல குடும்பங்களில் கண்முன்னே தேய்ந்துகொண்டிருக்கிறது. பாடத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டில் இருந்தால், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அவர் பாடுவதை ஃபோனில் பதிவு செய்து நாலைந்து பெண்களுக்கு அனுப்புங்கள்.

நாலு பேர் சேர்ந்து பாடுவதானால் ஒருவர் தொடங்க வேண்டும், மற்றவர்கள் பின்தொடர வேண்டும். ஆளுக்கொரு கட்டையில் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஃபோனில் சுருதிப்பெட்டிச் செயலியைப் போட்டு 4½ அல்லது 5 கட்டையில் வைத்துக்கொண்டால் பெண்குரல்கள் பலவும் ஒத்துப்போகும். வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஊஞ்சல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், எனவே மூன்று பாட்டு போதும். ஊஞ்சலுக்கும் மேளம் வாசிக்கும் வழக்கம் உண்டு என்பதால், எப்போது நிறுத்திப் பெண்களுக்கு இடம்விட வேண்டும் என்று மேளக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வரவேற்பு

உண்மையில் முடிவெடுக்கக் கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். வரவேற்பில் இசை மூன்று மணி நேரம் ஓடவேண்டும், கூட்டம் வந்தும் போயும் இருக்கும், யாரும் முழுக் கவனத்தோடு கேட்கமாட்டார்கள். வீட்டில் மூன்று பாட்டை உருக்கமாகப் பாடுபவருக்கும், இரைச்சலுக்கு நடுவே மூன்று மணி நேரம் தாங்குபவருக்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது. பழகாத குரல் அரை மணியில் கட்டத் தொடங்கும். நாற்பது பாட்டாவது கைவசம் இல்லாதவர் முழு மாலையையும் ஏற்கக்கூடாது.

நல்ல ஏற்பாடு என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது, தொழில்முறைக் குழுவை வைத்துக்கொண்டு அதற்குள் நண்பருக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஒதுக்குவது. மூன்று அல்லது நாலு பாட்டு. மணமக்கள் மேடையேறி முதல் அரை மணி ஆனபின், பந்தி உச்சத்துக்குப் போகும் முன், அவரைப் பாடச் சொல்லுங்கள். ஒலி ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும், ஒலிப்பொறியாளர் இருப்பார், ஒரு பாட்டு கெட்டாலும் அடுத்த பாட்டில் குழு கூட்டத்தை மீட்டுவிடும். ஆனால் இதைக் குழுவை ஒப்பந்தம் செய்யும் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். அன்று மாலை மேடையில் போய் “எங்க ஃப்ரெண்டு ரெண்டு பாட்டுப் பாடுவான்” என்றால் கீபோர்டு வாசிப்பவர் முகம் சுளிக்கத்தான் செய்வார். பாட்டின் பெயர், பாடுபவரின் கட்டை, முழுப் பாட்டா அல்லது ஒரு சரணத்தோடு நிறுத்துவதா என்ற மூன்றையும் பத்து நாளுக்கு முன் குழுத் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

நண்பர் கரோக்கி டிராக்கில் பாடுவதானால் கட்டைதான் முதல் கண்ணி. டிராக் மூலப் பாடலின் சுருதியிலேயே இருக்கும். அந்தப் பாட்டின் உச்ச ஸ்வரம் சினிமாப் பாடகருக்கு எட்டியது, உங்கள் நண்பருக்கு எட்டவேண்டும் என்பதில்லை. மென்பொருளில் அரை அரை ஸ்வரமாக இரண்டு படி வரை இறக்கினால் காதுக்கு உறுத்தாது. அதைத் தாண்டினால் வாத்தியங்களின் ஒலி குழையத் தொடங்கும். அப்போது டிராக்கை விட்டுவிட்டு வேறு பாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. டூயட் என்றால் இருவரும் அதே டிராக்கில் ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்த்தே ஆகவேண்டும், ஒருவருக்கு வசதியான கட்டை மற்றவருக்கு அடித்தொண்டையாகிவிடும்.

டிராக்கை யூடியூபிலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். பாட்டு நடுவில் விளம்பரம் வரும், மண்டபத்தில் சிக்னல் போகும். கோப்பாக இறக்கி லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள். ஃபோனில் ஓட்டுவதானால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். லேப்டாப்பை மிக்ஸரில் சொருகியதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். அப்படியும் நிற்காவிட்டால் ஒலி அமைப்பவரிடம் டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே சொருகி இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பெட்டி) கேளுங்கள்.

நண்பர் கர்நாடக சங்கீதம் பாடுபவரானால் இன்னொன்றையும் மனம்விட்டுப் பேசவேண்டும். சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் கூட்டத்துக்கு முன் பாடுவது அவருக்குச் சம்மதமா? சிலருக்கு அது உண்மையாகவே வலிக்கும். அவர்களை வரவேற்பில் உட்காரவைக்காமல், முதல்நாள் மாலை நெருங்கிய சொந்தங்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் அரை மணி பாடச் சொல்லுங்கள், அதுதான் அந்தக் கலைக்கு நாம் தரும் மரியாதை. அப்படிப் பாடும்போதும் வயலின், மிருதங்கம் வாசிப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. பாடகர் நண்பர் என்பதால் பக்கவாத்தியக்காரர்களும் இலவசமாக வருவார்கள் என்று எண்ணக்கூடாது.

நண்பரை எப்படிச் சோதிப்பது

நேரடியாகக் கேட்கச் சங்கடமாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். நின்றுகொண்டு, கையில் மைக்கோடு, ஸ்பீக்கர் வழியாக மூன்று பாட்டைத் தொடர்ந்து பாடச் சொல்லி, இருபது அடி தள்ளி ஃபோனில் பதிவு செய்யுங்கள். அறைக்குள் உட்கார்ந்து பாடும்போது தெரியாத குறைகள் இதில் தெரிந்துவிடும். மூச்சு வாங்குகிறதா, மைக்கை வாயிலிருந்து தூரமாகப் பிடிக்கிறாரா, மூன்றாவது பாட்டின் மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறதா என்று கவனியுங்கள். பதிவை அவரும் கேட்கட்டும். நல்ல நண்பர் என்றால், எத்தனை பாட்டு வரை தன்னால் முடியும் என்று அவரே சொல்லிவிடுவார்.

“அதெல்லாம் பாத்துக்கலாம்” என்பவரிடம் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். பட்டியல் கேட்டால் அனுப்பாதவர், ஒத்திகைக்கு நேரமில்லை என்பவர், எந்த மைக், எந்த மிக்ஸர் என்று ஒரு கேள்வியும் கேட்காதவர் எல்லாம் அன்றைய தினம் தடுமாறுவார்கள். மேடை அனுபவம் உள்ளவர் முதலில் கேட்பது “எனக்கு மானிட்டர் இருக்கா?” என்பதுதான். பாடுபவர் பக்கம் திரும்பிய ஒரு ஸ்பீக்கர் இல்லாவிட்டால் தன் குரலே தனக்குக் கேட்காது, சுருதி நழுவும்.

பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ உயிர்த்தோழராக இருப்பவரைப் பாட வைப்பதானால், உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வைக்காதீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டால் பாட்டு வராது. அவர் மாலை முழுவதும் மிக்ஸருக்குப் பின்னால் நின்றால், கல்யாணப் புகைப்படம் ஒன்றில்கூட இருக்கமாட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவர் உங்கள் பக்கத்தில் நிற்கவேண்டியவர்.

இலவசம் என்ற கணக்கு

நண்பர் காசு வாங்காவிட்டாலும் ஒலி அமைப்பு காசு கேட்கும். ஐந்நூறு பேர் மண்டபத்துக்கு 15 அங்குல டாப் ஸ்பீக்கர் இரண்டு, 18 அங்குல பேஸ் இரண்டு, ஒரு மிக்ஸர், மானிட்டர் இரண்டு, மைக் நான்கு, அதை இயக்க ஓர் ஆள் வேண்டும். குழுக்கள் பலவும் இதைத் தங்கள் தொகைக்குள் சேர்த்தே சொல்வார்கள், நண்பர் வழியில் போனால் இது தனி வாடகை. வெளியிலிருந்து ஒலி அமைப்பு கொண்டுவரத் தனிக் கட்டணமும், மின்சாரத்துக்கு மீட்டர்படி யூனிட் கணக்கும் போடும் மண்டபங்கள் உண்டு. மண்டபத்தைப் பதிவு செய்யும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில விநாடி இருட்டு இருக்கும், அதற்குள் டிஜிட்டல் மிக்ஸரும் கீபோர்டும் அணைந்து மீண்டும் உயிர்பெற நேரமெடுக்கும். இவை இரண்டுக்கும் ஒரு யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். கம்பியில்லா மைக்குக்குப் புதிய பேட்டரி போடுங்கள், மாற்று ஜோடி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால், நண்பரால் மிச்சமாவது பெரும்பாலும் பாடகரின் சம்பளம் மட்டும்தான். காசு மிச்சம் என்பதற்காக நண்பரை அழைத்தால் இருவருக்கும் மனக்கசப்பு வரும். அவர் பாடினால் உங்களுக்கு மகிழ்ச்சி என்பதற்காக அழையுங்கள். நண்பரே இசையைத் தொழிலாகக் கொண்டவர் என்றால் அவர் வழக்கமாக வாங்கும் தொகையைக் கேட்டு அதையே கொடுங்கள். குறைப்பதா பரிசாக விடுவதா என்பதை அவர் சொல்லட்டும். முகூர்த்த நாளில் அவர் உங்களுக்காக வேறொரு நிகழ்ச்சியை விட்டுவிட்டு வருகிறார்.

தொழில்முறைக் கலைஞரிடம் பேசும்போது

தை, வைகாசி, ஆவணி மாதங்களின் வளர்பிறை முகூர்த்த நாட்களில் ஒரே ஊரில் பத்துக் கல்யாணம் நடக்கும். பேர்பெற்ற வித்வான் முன்பணம் வாங்கிக்கொண்டு சிஷ்யர்களை அனுப்புவதும் உண்டு. “நீங்களே நேரில் வந்து வாசிப்பீர்களா, அன்றைக்கு வேறு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. யூடியூப் காணொளியை நம்பி முடிவு செய்யாமல், அவர் வாசிக்கும் ஏதாவது கோயில் உற்சவத்துக்கோ கல்யாணத்துக்கோ போய்க் கால்மணி கேளுங்கள்.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பவேண்டியவை: ஆங்கிலத் தேதி, கிழமை, முகூர்த்த நேரம், முதல்நாள் மாலை எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை பேர், மொத்தத் தொகை, அதில் முன்பணம், போக்குவரத்தும் தங்குமிடமும் யார் பொறுப்பு. அதிகாலை 4.30 முகூர்த்தத்தில் தேதிக் குழப்பம் நிறைய நடக்கிறது. ஞாயிறு விடியலில் கல்யாணம் என்றால் சனிக்கிழமை மாலை மேளம் வேண்டும் என்று கிழமையோடு எழுதுங்கள். மொத்தத்தில் கால் பங்கு முன்பணம் கொடுத்தால் போதும். ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, முதல்நாள் காலை ஒரு தடவை ஃபோன் செய்து உறுதிப்படுத்துங்கள்.

வாசிக்க வேண்டிய, வேண்டாத பாட்டுகளின் பட்டியலையும் கொடுக்கலாம். முகூர்த்தத்தின்போது சினிமாப் பாட்டு வேண்டாம் என்றால் அதைச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் கூட்டம் கேட்பதை வாசிப்பார்கள். ஆனால் முகூர்த்த நேரத்தை நிமிடம் நிமிடமாகப் பட்டியலிட்டுக் கட்டிப்போடாதீர்கள். அங்கே அவர்களுடைய அனுபவம்தான் பேசவேண்டும்.

தேவாலயக் கல்யாணமானால் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ முதலில் அனுமதி கேளுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் வழிபாட்டுப் பாடல்களுக்கே இடம், சினிமாப் பாட்டை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் அந்தப் பங்கின் பாடகர் குழுவிலேயே இருந்தால் அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது, வழிபாட்டின் ஒழுங்கு அவருக்குத் தெரியும்.

சட்டம் சொல்வது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ வாத்தியமோ கூடாது. மூடிய கல்யாண மண்டபத்துக்குள், ஒலி உள்ளேயே அடங்கும்படி என்றால் விலக்கு உண்டு. விடியற்கால முகூர்த்தமானால் மேளத்தை மண்டபத்துக்குள்ளேயே வையுங்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் செண்டை மேளமோ பேண்டோ வைத்தால் முன்னிரவிலேயே முடித்துவிடுங்கள், சாலையில் போவதற்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். மொட்டைமாடி, புல்வெளி வரவேற்பு என்றால் கடைசிப் பாட்டை 9.45-க்கு முடிக்கும்படி குழுவிடமும் நண்பரிடமும் ஒரே நேரத்தைச் சொல்லுங்கள்.

பதிவு செய்த பாட்டுகளை ஒலிக்கவிட உரிமக் கட்டணம் கேட்கும் ஓட்டல்களும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(இசட்ஏ) பிரிவு, திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தையொட்டிய சமூகக் கொண்டாட்டங்களுக்கும் விலக்கு அளிக்கிறது. ஆனாலும் இதன் எல்லை எது என்பது நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது. ஆகவே ஓட்டல் என்ன கேட்கிறது என்பதைப் பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைய தினம்

இசைக்கென்று ஒரே ஒரு பொறுப்பாளரை வையுங்கள். மணமக்களின் பெற்றோராகவோ பாடும் நண்பராகவோ அவர் இருக்கக்கூடாது. சித்தப்பா முறையில் நிதானமான ஒருவர் போதும். மேளக்காரர் எண், குழுத் தலைவர் எண், ஒலி அமைப்பவர் எண், நண்பரின் டிராக் அடங்கிய பென் டிரைவ், மீதித் தொகையைப் பேர் எழுதித் தனித்தனியாகப் போட்ட கவர்கள் எல்லாம் அவர் கையில் இருக்கவேண்டும். நண்பருக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வது என்பதையும் அவரே முன்கூட்டிக் குழுத் தலைவரிடம் பேசிவைப்பார்: அதே பாட்டுகளைக் குழுவின் பாடகர் பாடிவிடுவார், நண்பர் வாழ்த்தாக நாலு வரி பேசுவார்.

மேளக்காரர்களுக்கு முகூர்த்தம் முடிந்த கையோடு முதல் பந்தியில் இலை போடுங்கள். பல மணி நேரமாக வாசித்துப் பசியோடு இருப்பவர்களைக் காக்கவைக்கக்கூடாது. மீதித் தொகையை வெற்றிலை பாக்கு, வேட்டி துண்டோடு தாம்பூலத் தட்டில் வைத்துக் குடும்பப் பெரியவர் கையால் கொடுங்கள். பாடிய நண்பருக்கும் அதே தட்டு, அதே மரியாதை.